நுரைக்கட்டும் நோயாளியின் உரிமையும்

சர்க்கரை நோயாளியின் உள்ளங்காலில் ஆறாமல் நீர் கசியும் புண்ணுக்கு, பஞ்சும் துணியும் வைத்துக் கட்டுவதற்குப் பதிலாக, ஃபோம் டிரெஸ்ஸிங் எனப்படும் நுரைக்கட்டு இப்போது பல மருத்துவமனைகளில் இடப்படுகிறது. பெரும்பாலும் பாலியூரித்தேன் என்னும் செயற்கைப் பொருளால் ஆன இதன் நுண்துளைகள் கசிவை உறிஞ்சிக்கொண்டு, புண்ணின் மேற்பரப்பை அளவான ஈரத்தோடு வைத்திருக்கின்றன. காயம் காய்ந்து பொருக்குத் தட்டினால்தான் ஆறும் என்ற நெடுநாள் நம்பிக்கைக்கு மாறாக, ஈரம் காக்கப்பட்ட மேலோட்டமான காயத்தில் புதுத்தோல் ஏறத்தாழ இருமடங்கு விரைவாகப் படர்வதை, பன்றிகளிடம் நடத்திய ஆய்வின் வழியே ஜார்ஜ் விண்டர் 1962ஆம் ஆண்டில் காட்டினார்.

ஆயினும் இக்கட்டு கசிவை ஏற்கும் கருவியே அன்றிப் புண்ணை ஆற்றும் மருந்து அன்று. கசிவே இல்லாத காய்ந்த புண்ணிலும், செத்த தசை கருத்துத் தடித்து மூடிய புண்ணிலும் இதனால் பயன் மிகக் குறைவு. நடக்கும்போது புண்ணின்மேல் விழும் உடல் எடையைத் தனிக் காலணியாலோ மாவுக்கட்டாலோ விலக்காமலும், காலுக்குப் போகும் இரத்த ஓட்டத்தைச் சோதிக்காமலும், விலை உயர்ந்த கட்டை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பது காலை இழக்கும் நிலைக்கே கொண்டுபோகக்கூடும். ஏழு நாள் வரை பிரிக்க வேண்டியதில்லை என்று சொல்லப்படுவது உச்ச வரம்பே. கசிவு கட்டின் விளிம்பை நெருங்கியபின்னும் மாற்றாவிட்டால் சுற்றுத்தோல் ஊறி வெளுத்துச் சிதையும். நரம்பு மரத்த காலில் வலி எச்சரிக்காது என்பதால், துர்நாற்றம், பரவும் சிவப்பு, வீக்கம், காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இந்தக் கட்டு ஏன், எத்தனை நாளுக்கு, இதைவிட மலிவான மாற்று உண்டா என்று கேட்பதும், மருத்துவமனைக் கடையிலேயே வாங்க வேண்டும் என்ற கட்டாயத்தை மறுப்பதும் நோயாளியின் உரிமைகள். சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை. அச்சிட்ட விலைக்கு மேல் வசூலித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். கட்டணச் சிகிச்சையில் நேர்ந்த கவனக்குறைவுக்கு, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இழப்பீடு கோரலாம்; ரசீதும், தொகுதி எண் அச்சிட்ட உறையும், தேதியோடு எடுத்த புண்ணின் படங்களும் அங்கே சான்றாக உதவும். எல்லாருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைகளுக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது என்று, இதற்கு முந்தைய சட்டத்தின்கீழேயே உச்ச நீதிமன்றம் 1995இல் விளக்கியுள்ளதால், அங்கு நேரும் குறைகளைத் தமிழ்நாட்டில் 104 என்ற சுகாதார உதவி எண்ணில் தெரிவிக்கலாம்.