ஊரைத் தேடுவோருக்கு ஒரு கணக்கு

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறும் காலம் நெருங்கியதும், "இனி எந்த ஊரில் குடியிருப்பது?" என்ற கேள்வி வீட்டுக்கு வீடு எழுகிறது. வாடகையை விசாரிக்கிறோம்; தண்ணீரைக் குடித்துப் பார்க்கிறோம். ஊரின் காற்றை விசாரிப்பவர் எத்தனை பேர்?

நம்மை ஆண்ட வெள்ளையர் அதை நன்றாகவே விசாரித்தார்கள். கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ஆம் வருஷம் நீலகிரிக்குச் சென்றார். பிற்பாடு உதகமண்டலம் சென்னை ராஜதானியின் கோடைத் தலைநகராயிற்று. ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் உஷ்ணம் சுமார் 6 டிகிரி குறையும். உதகையோ 2,200 மீட்டருக்கு மேல் உள்ளது. துரைமார்கள் மலையேறினார்கள், குடிகள் சமவெளியிலேயே வெந்தார்கள். அந்தச் சமவெளியில் சுகமான ஊரைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதே நமக்கு வேண்டிய வித்தை.

1875-இல் ஏற்பட்ட இந்திய வானிலை ஆய்வுத் துறை முப்பது வருஷச் சராசரிகளைத் தொகுத்து வெளியிடுகிறது. ஆனால் சராசரி ஒன்றையே நம்பினால் ஏமாந்து போவோம். பகலில் 40 டிகிரி, இரவில் 20 டிகிரி என்றாலும் நடுக்கணக்கு 30. பகலில் 33, இரவில் 27 என்றாலும் அதே 30தான். முதல் ஊரில் நண்பகலில் வெளியே தலை காட்ட முடியாது. இரண்டாவது ஊரில் இரவில் கண் மூட முடியாது!

ஈரப்பதத்தையும் பார்க்க வேண்டும். வியர்வை உலரும்போதுதான் உடல் குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை உலராது. கடற்கரை ஊர்களில் உஷ்ணமானி அவ்வளவாக ஏறாத நாளிலும் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்வது இதனால்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் அருகே, மேற்கு மலைத்தொடரை நோக்கியிருக்கும் மம்சாபுரத்தை எண்ணிப் பாருங்கள். தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அப்பால் மலையாள நாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, இப்பக்கம் உலர்ந்து இறங்குகிறது. ஐப்பசி, கார்த்திகையில்தான் இங்கே நல்ல மழை. சித்திரை வெயில் கடுமைதான். ஆனால் இரவில் மலைச்சரிவு குளிர, அந்தக் குளிர்ந்த காற்று அடிவாரத்துக்கு வழிந்து வரும். வயோதிகருக்கும் குழந்தைகளுக்கும் இரவுத் தூக்கம் எவ்வளவு பெரிது!

ஒன்று மறக்கலாகாது. மலையில் காடு இருக்கும் வரையில்தான் அடிவாரத்தில் ஓடைநீரும் குளிர்ச்சியும் நிலைக்கும். இங்கே 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமும், 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமும் ஏற்பட்டன. அணிலுக்கும் புலிக்கும் செய்த அந்த உபகாரம் மனிதருக்கும் செய்ததே.

ஆகையால் நேயர்களே, வீடு பார்க்கப் போகும்போது இரண்டு உஷ்ணமானிகளை எடுத்துச் செல்லுங்கள். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றி, விசிறியால் வீசுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் அதிகமானால் காற்று உலர்ந்தது, குறைந்தால் புழுக்கம். சித்திரையில் ஓர் இரவு தங்கி இதைச் செய்துவிட்டு, பிறகு அச்சாரம் கொடுங்கள்.