வாட்டம் தெரிந்தவர்

அம்மா விழுந்தது இரவு இரண்டரை மணிக்கு. கூடத்துக் கட்டிலிலிருந்து கொல்லைக் கழிப்பறைக்குப் போகிற வழியில், தாழ்வாரத்து டைல்ஸ் தரையில். முற்றத்தில் பெய்துகொண்டிருந்த ஐப்பசி மழையின் சாரல் அங்கே தெறித்திருந்தது. இடது தொடை எலும்பின் கழுத்து முறிந்துபோனது. அறுவை சிகிச்சை முடிந்து பதினோராம் நாள் வாக்கரைப் பிடித்தபடி வீடு திரும்பினார். அப்போது அவருக்கு வயது 78.

மருத்துவமனையில் உடற்பயிற்சிக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். மாத்திரைக்கு ஒரு தாள், தையல் பிரிக்கும் தேதிக்கு ஒரு தாள். கட்டிலிலிருந்து கழிப்பறை எத்தனை அடி, நடுவில் எத்தனை படி என்று எங்களை யாரும் கேட்கவில்லை. முதியோர் மருத்துவத்தில் தமிழ்நாடு முன்னோடி. 1978இலேயே சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனிப் புறநோயாளர் பிரிவை டாக்டர் வி.எஸ். நடராஜன் தொடங்கிவிட்டார். 2024இல் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. மருத்துவம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. வீடுகள்தான் இன்னும் முப்பது வயதுக்காரர்களுக்காகக் கட்டியபடியே இருக்கின்றன.

எங்களுடையது மயிலாடுதுறைப் பக்கத்து ஓட்டு வீடு. தெருவிலிருந்து மூன்று படி ஏறினால் திண்ணை. அப்புறம் ரேழி, கூடம், நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம். இரண்டாம் கட்டில் சமையல், அதற்கும் பின்னால் கொல்லை. ஆற்று வெள்ளத்துக்கு அஞ்சி உயர்த்திக் கட்டிய தளம். அசுத்தம் வீட்டுக்குள் வரக் கூடாதென்று கடைசிக்குத் தள்ளப்பட்ட கழிப்பறை. இரண்டுக்கும் அந்தக் காலத்தில் நியாயம் இருந்தது. அம்மா வருவதற்கு முந்தின நாள் டேப் வைத்து அளந்தேன். கட்டிலிலிருந்து கழிப்பறை வரை 58 அடி. வழியில் மூன்று நிலைப்படிகள், கொல்லைக்கு இறங்க இரண்டு படிகள். 55 வருஷமாக ராத்திரியில் விளக்குக்கூடப் போடாமல் அம்மா நடந்த வழி அது.

அந்தப் பதினோரு நாளில் நான் ஒரு தவறு செய்தேன். பாசத்தால் செய்ததுதான், ஆனாலும் தவறு. அம்மா மருத்துவமனையில் இருக்கும்போதே வீட்டைச் 'சரிசெய்துவிட' நினைத்தேன். தம்பி சென்னையிலிருந்து வந்து அம்மாவோடு இருந்தான். நான் வீட்டில் ஒழித்துக்கொண்டிருந்தேன். தூணோரத்து முக்காலி, சுவரோரமாகச் சாத்திவைத்த பழைய பெஞ்சு, அரிசி டின்கள், ஊறுகாய் ஜாடிகள் எல்லாவற்றையும் எடுத்துப் பின்னறையில் அடைத்தேன். கொஞ்சம் பழைய பாத்திரக்காரருக்கும் போனது. கூடம் பளிச்சென்று இருந்தது. படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், வாக்கரோடு தாழ்வாரத்துக்கு வந்த அம்மா தூணருகே நின்று, இடது கையை வாக்கரிலிருந்து எடுத்துக் காற்றில் துழாவினார். நான் ஓடிப்போய்த் தாங்கினேன். "முக்காலி எங்கடி?" என்றார். அது உட்காருவதற்கான சாமான் இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தூண், முக்காலி, பெஞ்சின் முதுகு, சமையலறை நிலை என்று கைக்குக் கை மாற்றிக்கொண்டுதான் பல வருஷமாக அவர் நடந்திருக்கிறார். முழங்கால் வலி எப்போது தொடங்கியது என்று எங்களுக்குத் தெரியாது. அவர் சொல்லவில்லை, வீட்டைப் பிடித்துக்கொண்டு சமாளித்திருக்கிறார். நான் ஒழித்ததெல்லாம் அவருடைய பிடிமானங்களை.

கைப்பிடிக் கம்பி பொருத்த வந்த கொத்தனாரிடம் சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தேன். அவர் சுவரோரம் குனிந்து பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். "அக்கா, இதப் பாருங்க. பெரியம்மா எங்கெங்க கை வச்சிருக்காங்கன்னு சுவரே சொல்லுது." உண்மைதான். தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் ஏறிய கைக்கறை, தாழ்வாரச் சுவரில் ஐந்தாறு இடங்களில் மங்கலாகத் தெரிந்தது. திருப்பத்தில் அடர்த்தியாக, நேர்ச்சுவரில் லேசாக, நிலைப்படிக்கு முன்னால் மிக அடர்த்தியாக. கைப்பிடி தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்தில் இருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. அம்மாவின் கறைகள் 31 அங்குலத்தில் இருந்தன. குள்ளமானவர், கொஞ்சம் கூனும் விழுந்துவிட்டது. 31லேயே பொருத்தச் சொன்னேன்.

பழைய வீட்டில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுண்ணாம்புக் காரைச் சுவரில் துளை போட்டுக் கம்பியை நேரடியாக மாட்டினால் கொஞ்ச நாளில் பிளக் தளர்ந்துவிடும். எங்கள் கொத்தனார் சுவரோடு நீளமாக ஒரு தேக்குப் பலகையை ஓடவிட்டு, அதை நெடிய போல்ட்டுகளால் இறுக்கி, அதன்மேல் எவர்சில்வர் குழாயைப் பொருத்தினார். ஆள் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கிப் பார்த்த பிறகுதான் அம்மாவை விட்டோம். குளியலறையில் துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழுந்துகொள்ளலாம் என்று தயவுசெய்து யாரும் நம்பாதீர்கள். அது துண்டின் கனத்துக்குத்தான் செய்யப்பட்டது.

கழிப்பறை விஷயம் இவ்வளவு சுலபமாக முடியவில்லை. கூடத்தை ஒட்டிய நெல் அறையைக் குளியலறையாக மாற்றுவது என் திட்டம். கட்டிலிலிருந்து பத்தடிதான். அம்மா ஒரே வார்த்தையில் மறுத்தார். "கக்கூசக் கொண்டாந்து சாமி ரூமுக்குப் பக்கத்துல வப்பியா? நான் செத்தப்புறம் கட்டிக்க." தம்பி போனில் கோபப்பட்டான். நானும் உரக்கப் பேசினேன். அன்று ராத்திரி அம்மா சாப்பிடவில்லை. ராத்திரிக்கு மட்டும் கட்டிலோரம் கமோடு நாற்காலி வைத்திருந்தோம். அதைப் பயன்படுத்தும்போதெல்லாம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். ஒரு வாரம் இப்படியே போனது.

பிறகு ஒரு காலையில் காபி குடித்துக்கொண்டே அவராகச் சொன்னார்: "ஆட்டுக்கல்லு கெடக்குற மூலையில கட்டு. அங்கதான் வாட்டம் கொல்லையப் பாத்து இருக்கு. அரைச்சுக் கழுவுன தண்ணியெல்லாம் அந்த வழியாத்தான் போவும்." கொத்தனார் ஒரு வாளித் தண்ணீரை அந்த மூலையில் ஊற்றிப் பார்த்தார். தண்ணீர் தயங்காமல் கொல்லைப்பக்கம் ஓடியது. நெல் அறையில் கட்டியிருந்தால் கூடத்துத் தரையைத் தோண்டிக் குழாய் பதிக்க வேண்டியிருந்திருக்கும். இங்கே சுவரைத் துளைத்து வெளியே விட்டால் போதும், செப்டிக் டேங்க் பக்கத்திலேயே இருக்கிறது. கட்டிலிலிருந்து 22 அடி. வழியில் ஒரு நிலைப்படிகூட இல்லை. இந்த வீட்டின் ஒவ்வொரு சரிவும் அறிந்த ஒருவர் கட்டிலில் உட்கார்ந்திருக்க, நான் கைபேசியில் படங்கள் பார்த்துத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தக் குளியலறையில் நாங்கள் செய்தவற்றில் முக்கியமானவை சில. கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிறது. உள்பக்கம் திறக்கும் கதவாக இருந்தால், உள்ளே விழுந்தவரின் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் நீக்க முடியும். வாசல் 33 அங்குல அகலம், நாளைக்குச் சக்கர நாற்காலி வந்தாலும் நுழையும். கடையில் வாங்கிய கமோடு சுமார் 16 அங்குல உயரம். அதிலிருந்து எழுந்துகொள்ள அம்மாவால் முடியாது. கீழே மூன்று அங்குல மேடை போட்டு உயர்த்தினோம். தரைக்குச் சொரசொரப்பான சாம்பல் நிற டைல்ஸ், சுவருக்கு இளம் பச்சை. எல்லாமே வெள்ளையாக இருந்தால் மங்கின கண்ணுக்குக் கமோடு எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. உள்ளே குளிக்க நாற்காலி, காலடியில் ரப்பர் போட்டது. குழாயும் வாளியும் உட்கார்ந்த கைக்கு எட்டும் இடத்தில்.

உள்நிலைப்படிகளில் இரண்டுக்கு இருபுறமும் மரத்தில் சரிவு செய்து பொருத்தினார் தச்சர். தலைவாசல் நிலையைத் தொடக் கூடாது என்றார் அம்மா. தொடவில்லை. அங்கே மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பவர் அவர். அந்தப் படியைத் தாண்ட அவருக்கு என் தோள் போதும்.

ஒழிப்பதை மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம், இந்த முறை அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்க. தினமும் நாலு மணிக் காபிக்குப் பிறகு ஒரே ஒரு பெட்டி அல்லது ஒரே ஒரு பரண் மூலை. நான் எடுத்துக் காட்டுவேன், அவர் சொல்லுவார். நாலு மாதம் ஆயிற்று. அப்பாவின் டிரங்குப் பெட்டிக்கு மட்டும் ஒன்பது நாள். ரசீதுகள், நிலவரி ரசீதுக் கட்டு, 1971இல் அப்பா வாங்கிய சைக்கிளின் பில். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருந்தது. கதையைச் சொல்லி முடித்ததும் பெரும்பாலும் அவரே "சரி, போடு" என்பார். சொல்லாமல் எடுத்துப் போட்டிருந்தால் சண்டை. சொல்லிவிட்டுப் போட்டால் சமாதானம். வெண்கலப் பானையைக் கொடுக்க மாட்டேன் என்றார். அது இன்னும் பரணில் இருக்கிறது. இருக்கட்டும்.

எங்களுக்குள் இரண்டே ஒப்பந்தங்கள். தரையில் எதுவும் கிடக்கக் கூடாது: பழம்புடவையில் தைத்த கால்மிதியடி, ஃபேன் ஒயர், விரித்த கோரைப்பாய் எதுவும். மற்றது, தினமும் வேண்டிய சாமான் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில் இருக்க வேண்டும். குனிந்தாலும் எட்டினாலும் தலை சுற்றுகிறது. புளி ஜாடியும் உப்பு ஜாடியும் வரிசை மாறாமல், அதே இடமும் வலமுமாக, ஒரு தட்டு உயரம் மட்டும் மாறி உட்கார்ந்தன. முக்காலி திரும்பி வந்தது. கால்களுக்கு ரப்பர் போட்டு, தூணோடு இரும்புப் பட்டையால் பிணைத்தாயிற்று. இப்போது யார் சாய்ந்தாலும் அசையாது.

சமையலில் ஒரு குறை அவரை வாட்டியது. தரையில் உட்கார்ந்து அரிவாள்மணையில் காய் நறுக்க முடியாது. கத்தியைக் கொடுத்தால் "இது வெட்டுது, நறுக்க மாட்டேங்குது" என்று தள்ளிவிடுவார். தச்சரிடம் சொல்லி, நாற்காலியில் உட்கார்ந்தால் மடிக்கு நேராக வருகிற உயரத்தில் ஒரு குட்டி மேசை செய்து, அரிவாள்மணையை அதன்மேல் திருகாணியால் இறுக்கினோம். அன்று அரைக் கிலோ கொத்தவரங்காயை ஒரே சீராக அரிந்து கொடுத்தார். இயன்முறைச் சிகிச்சையாளர் சொன்ன கைப்பயிற்சிகளைச் செய்யச் சொன்னால் அலுத்துக்கொள்கிறவர், காய் என்றால் கேட்டு வாங்கி நறுக்குகிறார்.

வெளி உதவிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தெரியாமல் தவிக்கிறவர்கள் நிறையப் பேர். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளோடு, தேவைப்படுவோருக்கு இயன்முறைச் சிகிச்சையும் வலி தணிப்புச் சிகிச்சையும் வீடு தேடி வருகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிய வேண்டும். குடும்ப ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ் சான்றுக்காக வயதானவரைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். 70 ரூபாய் கட்டினால் தபால்காரர் வீட்டுக்கே வந்து பதிவு செய்துவிடுகிறார். முதியோருக்கான உதவி எண் 14567. ஆதார், ஓய்வூதியப் புத்தகம், காப்பீட்டு அட்டை, மருந்துச் சீட்டு எல்லாம் ஒரே சிவப்புக் கோப்பில், ரேழி ஆணியில் தொங்குகிறது. அவசரத்தில் பக்கத்து வீட்டுப் பையன் வந்தாலும் எடுத்துக்கொண்டு ஓடலாம்.

என்னைப் பற்றியும் கொஞ்சம். முதல் மூன்று மாதம் நான் கூடத்தில், அம்மாவின் கட்டிலடியில் படுத்தேன். அவர் புரண்டால் எழுவேன், இருமினால் எழுவேன். ஒருநாள் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன். அடுப்பை அணைக்க வேண்டுமென்று தோன்றவில்லை. அன்றைக்குத்தான் பயந்தேன். ரேழியை அடைத்து எனக்கென்று ஒரு கட்டிலும் மேசையும் போட்டுக்கொண்டேன். வாரத்தில் மூன்று ராத்திரி பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தினோம், சம்பளம் தம்பி தருகிறான். கூப்பிடுவதற்கு ரிமோட் மணி வாங்கி வைத்தோம். அம்மா அதைத் தொடுவதில்லை. எவர்சில்வர் டம்ளரில் கரண்டியால் மூன்று தட்டுத் தட்டுகிறார். ரேழிக்குத் தெளிவாகக் கேட்கிறது. வீட்டைச் சீர்ப்படுத்துகிறவர்கள் பார்த்துக்கொள்கிறவருக்கும் ஒரு கதவு வைக்க மறந்துவிடுகிறோம். அப்படி ஒரு கதவு வைப்பது பெற்றவர்மேல் உள்ள அன்பில் குறை வைப்பதாகாது.

முற்றம் இன்னும் முடிவாகவில்லை. கண்ணாடி போட்டு மூடலாம் என்கிறான் தம்பி. மழை உள்ளே விழாத வீடு என்ன வீடு என்கிறார் அம்மா. இப்போதைக்குத் தாழ்வார விளிம்பில் பட்டையாக மஞ்சள் பெயிண்ட் அடித்திருக்கிறோம். தூணுக்குத் தூண் இடுப்புயரத்தில் மரச்சட்டம் ஓடுகிறது. அந்த வழுவழுப்பு டைல்ஸைப் பெயர்த்துவிட்டு, பழைய கல்தளத்தையே திரும்பப் போட்டோம். தம்பி ஒரு தீபாவளிக்கு ஆசையாகப் போட்டுக் கொடுத்த டைல்ஸ் அது. பெயர்க்கிற அன்று அவனே வந்து நின்றான்.

பொங்கல் கழிந்ததும் கொத்தனார் மறுபடி வருகிறார். அம்மாவுக்குக் கொல்லைக்குப் போக வேண்டுமாம், கறிவேப்பிலை மரத்தைப் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறதாம். கொல்லைப் படி இரண்டும் சேர்ந்து 14 அங்குலம். ஓர் அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம் என்பது கணக்கு. 14 அடிக்குச் சரிவுப்பாதை வேண்டும். நேராக விட்டால் கிணற்றில் முட்டும், வலப்பக்கம் திருப்பினால் மல்லிகைப் பந்தலை வெட்ட வேண்டும். நேற்று வாக்கரோடு கொல்லைக் கதவு வரை வந்து நின்று, அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "எடப்பக்கமா வளச்சு விடச் சொல்லு. மழத் தண்ணி அங்க நிக்காது" என்றார்.