விசில் அடிக்கிற காரை வாங்கலாமா?

ஆபீஸ் கேன்டீனில் டீ குடிக்கிற இளைஞர்களை இரண்டு கட்சியாகப் பிரித்துவிடலாம். ஒன்று, ஷேர் மார்க்கெட் பேசுகிற கட்சி. இன்னொன்று, கார் பேசுகிற கட்சி. முதல் கட்சி ஏற்கெனவே பணத்தை விட்டது. இரண்டாவது கட்சி இனிமேல்தான் விடப் போகிறது!

இந்தக் கட்டுரை இரண்டாவது கட்சிக்கு. அதிலும், "வாங்கினால் டர்போதான் வாங்குவேன்" என்று சபதம் எடுத்திருக்கும் தீவிரவாதிகளுக்கு.

போர்ஷே 911 டர்போவெல்லாம் ஹாஸ்டல் சுவரில் போஸ்டர் ஒட்டியதோடு சரி. மாதச் சம்பளக்காரனுக்கு எட்டுகிற 'ஸ்போர்ட்ஸ் கார்' என்பது, நாலு கதவும் டிக்கியும் உள்ள ஒரு குடும்பக் காருக்குள் டர்போ இன்ஜினை வைத்து, பின்னால் சிவப்பு எழுத்தில் பேட்ஜ் ஒட்டியதுதான். அதுவும் செகண்ட் ஹேண்ட். பரவாயில்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் முதுகு சீட்டில் ஒட்டிக்கொள்கிற அந்த ஒரு நொடிக்கு முதல் கை, இரண்டாம் கை என்ற பேதம் கிடையாது.

கேள்வி இதுதான். தினமும் ஆபீஸுக்கு ஓட்ட வேண்டும். பழசை வாங்குவதா, கொஞ்சம் புதுசை வாங்குவதா?

நான் மெக்கானிக் இல்லை. பி.காம். ஆனால் நண்பர்கள் கார் பார்க்கப் போகும்போதெல்லாம் "கணக்குப் பார்க்க நீ வாடா" என்று இழுத்துக்கொண்டு போனதில் ஏழெட்டு பேரம் பார்த்தாயிற்று. புரோக்கர் பாஷையும் ஓரளவு புரிகிறது. "டாக்டர் ஓட்டின வண்டி சார்" என்றால், எந்த டாக்டர் என்று கேட்கக் கூடாது. "சின்ன டச்சிங் மட்டும் சார்" என்றால், வண்டி ஒரு லாரியைத் தொட்டிருக்கிறது என்று அர்த்தம்!

இரண்டு தலைமுறை

பழைய தலைமுறையில் மூத்தவர் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 2000-களின் நடுவில் வந்தது. 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல், 150 குதிரை சக்தி. ரசிகர்கள் செல்லமாக 'வி.ஆர்.எஸ்.' என்பார்கள். நம் ஆபீஸில் வி.ஆர்.எஸ். என்றால் விருப்ப ஓய்வு. கணக்குப் பார்க்காமல் இந்தக் காரை வாங்கினால் இரண்டும் ஒன்றாகிவிடும். அடுத்தவர் 2010-ல் வந்த ஃபியட் லீனியா டி-ஜெட். 1.4 லிட்டர், சுமார் 114 குதிரை. 2015-ல் அதே குடும்பத்தில் அபார்த் புன்ட்டோ என்று ஒரு குட்டிப் பிசாசும் வந்தது. 145 குதிரை!

நடுவயதுக்காரர் 2013-ல் வந்த ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. 1.2 லிட்டர், 105 குதிரை, ஏழு கியர் ஆட்டோமேட்டிக். 2020-ல் அதே போலோவுக்கு 1 லிட்டர், மூன்று சிலிண்டர், 110 குதிரை இன்ஜின் வந்தது. 2022-ல் போலோ தயாரிப்பே இங்கே நின்றது. இளையவர் 2021-ல் வந்த ஹூண்டாய் ஐ-20 என் லைன். 1 லிட்டர், 120 குதிரை.

கவனித்தீர்களா? இன்ஜின் 1.8 லிட்டரிலிருந்து 1 லிட்டருக்கு இளைத்துவிட்டது. குதிரைகள் அந்த அளவுக்குக் குறையவில்லை. எல்லாம் டர்போ மகிமை.

புகையிடம் வேலை வாங்குவது

இன்ஜின் வெளியே துப்புகிற புகையில் சூடும் வேகமும் மிச்சம் இருக்கிறது. அதைச் சும்மா விடாமல் ஒரு சக்கரத்தைச் சுற்ற வைத்து, அதே அச்சில் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரத்தால் காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் திணிப்பதுதான் டர்போ. ரிட்டையர் ஆனவரைக் கூப்பிட்டு மறுபடி வேலை வாங்குகிற நிர்வாகத் திறமை மாதிரி! ஆல்ஃப்ரெட் பூஷி என்ற ஸ்விஸ் இன்ஜினீயர் 1905-லேயே இந்த யோசனைக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். 1973-ல் பி.எம்.டபிள்யூ. தன் 2002 டர்போ காரின் முன்பக்கம் பெயரைத் தலைகீழாக எழுதியது. முன்னால் போகிறவர் கண்ணாடியில் நேராகப் படித்துவிட்டு ஒதுங்கட்டும் என்று!

அந்தச் சின்னச் சக்கரம் நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். ஒரு பக்கம் நெருப்பு மாதிரிப் புகை, இன்னொரு பக்கம் வெளிக்காற்று. நடுவில் அச்சைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம்தான். அதனால் ஒரு டர்போ காரின் ஆயுள் அது பிறந்த வருஷத்தில் இல்லை. அதற்கு ஊற்றிய ஆயிலில் இருக்கிறது. பத்தாயிரம் கிலோமீட்டரில் மாற்ற வேண்டிய ஆயிலை இருபதாயிரத்தில் மாற்றிய வண்டி, பார்க்க மாப்பிள்ளை மாதிரி இருந்தாலும் உள்ளே நோயாளி.

பழைய டர்போக்களில் மிதித்த பிறகு ஒரு யோசனை நேரம் உண்டு. ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் 'உய்ய்ய்' என்று விசில், பிறகு ஓர் உதை. ஹைவேயில் அதுதான் சுகம். ஓ.எம்.ஆர். சிக்னலில், முன்னால் ஷேர் ஆட்டோ, பின்னால் தண்ணி லாரி நிற்கும்போது அந்த உதை வந்து என்ன பண்ண? புதிய சின்ன டர்போக்கள் 1,500, 1,750 சுற்றிலேயே முழு இழுவையைக் கொடுத்துவிடும். உதை கிடையாது. ஆனால் கியரை அதிகம் மாற்றாமல் வீடு போய்ச் சேரலாம்.

வாரா ஐயக்கடன் ஒதுக்கு

இப்போது என் சப்ஜெக்ட். ஒரு பேச்சுக்குப் பழையது 3 லட்சம், புதியது 6.5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருஷம் ஓட்டி விற்கிறீர்கள். பழையது 2.25 லட்சத்துக்குப் போகிறது. தேய்மானம் 75,000. புதியது 4.5 லட்சத்துக்குப் போகிறது. தேய்மானம் 2 லட்சம். இதிலேயே பழசுக்கு 1.25 லட்சம் லாபம்.

அதோடு, விலை வித்தியாசமான 3.5 லட்சம் உங்கள் பேங்கில் இருக்கிறது. 7 சதவிகிதம் வட்டி என்றால் வருஷம் 24,500. மூன்று வருஷத்துக்கு 73,500. ஆகக் கூடுதல் சுமார் 2 லட்சம். மாதம் 5,500 ரூபாய்.

"பாத்தியா! பழசுதான் லாபம்!" என்று நண்பர்கள் துள்ளுவது இந்த இடத்தில்தான். துள்ள வேண்டாம். அந்த 2 லட்சம் லாபம் இல்லை. அது பழைய காரின் வைத்தியச் செலவு. பிளஸ் டூ கணக்குப்பதிவியலில் 'வாரா ஐயக்கடன் ஒதுக்கு' என்று படித்தோமே, அதே மாதிரி தனியாக எடுத்து வைக்க வேண்டிய பணம். டைமிங் பெல்ட், கிளட்ச், சஸ்பென்ஷன் புஷ், விறைத்துப்போன ரப்பர் ஹோஸ்கள், நாலு டயர், கடைசியில் டர்போவே. ஒவ்வொன்றாகக் கையை நீட்டும். டைமிங் பெல்ட் ஓடும்போது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே காலி.

பழசை வாங்கி நாசமானவர்களை நான் பார்த்த வரையில், கார் அவர்களைக் கவிழ்க்கவில்லை. மிச்சம் பிடித்த பணத்தில் மியூசிக் சிஸ்டமும் அலாய் வீலும் போட்டதுதான் கவிழ்த்தது.

இதில் வராத செலவுகளும் உண்டு. வண்டிக்கு 15 வருஷம் முடிந்தால் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். அதன் பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை. 2005-ல் பதிவான ஆக்டேவியா என்றால் 2020-லும் 2025-லும் புதுப்பித்திருக்கிறார்களா பாருங்கள். வயசான காருக்குக் கடன் கேட்டால் பல பேங்குகள் முகத்தைத் திருப்பும். 'பம்பர் டு பம்பர்' இன்ஷூரன்ஸும் பொதுவாகக் கிடைக்காது. பெட்ரோலில் இப்போது 20 சதவிகிதம் எத்தனால். 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்களில் அதைத் தாங்கும் ரப்பர், கேஸ்கெட் உண்டு. 2010 மாடல் அதை நினைத்துச் செய்யப்பட்டதில்லை. எரிபொருள் ஹோஸ்களையும் சேர்த்து ஒதுக்குக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

செவ்வாய், வெள்ளி

பணத்தை ஒதுக்கி வைக்கலாம். நாளை ஒதுக்கி வைக்க முடியுமா?

நண்பர் ஒருவர் பழைய டர்போ வைத்திருந்தார். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். மனுஷன் ஆயிலை நாள் தவறாமல் மாற்றுவார். ஞாயிற்றுக்கிழமை காரைத் துடைக்கிற துணியைக்கூடத் துவைத்து வைப்பார். ஒதுக்குப் பணமும் பேங்கில் இருந்தது. அவர் அப்பாவுக்கு வாரத்தில் இரண்டு நாள் டயாலிஸிஸ். செவ்வாய், வெள்ளி காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை கிண்டி பாலத்தில் கார் இழுவையை விட்டுவிட்டது. காற்றுக் குழாய் ஒன்று வெடித்திருந்தது. உயிர் போகிற ரிப்பேர் இல்லை. ஆனால் அந்த மாடல் குழாய் கடையில் இல்லை. புதுப்பேட்டை முழுக்க அலசி, வெளியூரிலிருந்து வரவழைத்து மாட்ட ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் அப்பா ஆட்டோவில் போய் வந்தார்.

"வண்டி மேல கோபமே வரலடா" என்றார் நண்பர். "ஆனா ஊசி போட்ட கையைப் பிடிச்சுக்கிட்டு அப்பா குனிஞ்சு ஆட்டோவுல ஏறினாரு பாரு... அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்."

இப்போது அவரிடம் 2021 மாடல். "அந்த விசிலும் இல்ல, அந்த உதையும் இல்ல. ஆனா செவ்வாயும் வெள்ளியும் கரெக்டா கிளம்புது" என்கிறார். குரலில் கொஞ்சம் வருத்தம் உண்டு. வேலைக்காகக் கிரிக்கெட்டை விட்டவர்கள் பேசுகிற மாதிரி.

லீனியாவும் புன்ட்டோவும் இங்கே 2019-ல் நின்றுவிட்டன. ஓட்டுகிற சுகத்துக்கு அந்த ஸ்டியரிங்கைப் புகழாத ஆள் இல்லை. ஆனால் சில பாகங்களுக்குக் காத்திருக்கத்தான் வேண்டும்.

இன்னொரு நண்பர் குரோம்பேட்டைக்காரர். ஆபீஸுக்கு எலெக்ட்ரிக் டிரெயின். பழைய டர்போ ஞாயிறு காலை ஈ.சி.ஆருக்கு மட்டும். ஒரு மாசம் ஒர்க்ஷாப்பில் நின்றாலும் அவர் வீட்டில் அடுப்பு எரியும். அவருக்குப் பழசு சரி.

போய்ப் பார்க்கும்போது

'நான் வருவதற்கு முன் ஸ்டார்ட் பண்ணாதீர்கள்' என்று போனில் சொல்லுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள்.

ஐந்து நிமிஷம் ஐடிலில் விட்டுவிட்டு ஆக்ஸிலேட்டரைக் கொடுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. டர்போ சீல் போயிருக்கலாம்.

ஏதாவது ஃப்ளை ஓவரில் மூன்றாவது கியரில் 1,500 சுற்றிலிருந்து மிதியுங்கள். மெல்லிய விசில் நல்லது. ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி ஊளை கெட்டது.

"ரீமேப் பண்ணியிருக்கா?" என்று நேராகக் கேளுங்கள். கம்ப்யூட்டரை மாற்றிக் குதிரைகளைக் கூட்டுகிற வேலை அது. புதிய காரிலும் நடக்கும். மூன்று வருஷக் காரை முறுக்கி ஓட்டியிருந்தால் அது பத்து வருஷக் கார்.

ஏழு கியர் டபுள் கிளட்ச் ஆட்டோமேட்டிக் என்றால் நெரிசலில் அரைமணி நேரம் ஊர்ந்து பாருங்கள். இதில் உலர் கிளட்ச் உள்ளவை சூட்டில் நடுங்கினால் செலவு பெரிசு.

பேங்க் கடன் தீர்ந்ததற்கு என்.ஓ.சி.யும் ஃபாரம் 35-ம், பெயர் மாற்ற ஃபாரம் 29, 30-ம் வேண்டும். இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் மாற்ற எழுதிக் கொடுங்கள். நோ கிளெய்ம் போனஸ் விற்றவருக்குச் சொந்தம். அதையும் சேர்த்து விலை சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள்.

வாங்கிய பிறகு ஒரு விதி போதும். வேகமாக ஓட்டி வந்தால் சட்டென்று சாவியைத் திருப்பாதீர்கள். அரை நிமிஷம், ஒரு நிமிஷம் ஐடிலில் விட்டு டர்போவை மூச்சு வாங்க விடுங்கள். வீட்டு வாசலில் அந்த ஒரு நிமிஷம் உங்களுக்கும் நல்லதுதான்.

என் தீர்ப்பு? வீட்டில் ஒரே கார், அதை நம்பி யாராவது இருக்கிறார்கள் என்றால், கொஞ்சம் புதுசு. 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்தது என்றால் ஏ.பி.எஸ். பிரேக்கும் கட்டாயம் இருக்கும். ஆபீஸுக்கு டிரெயினோ பைக்கோ இருக்கிறது, 2 லட்சம் தொடாமல் கிடக்கிறது, தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார் என்றால், பழசு. இரண்டிலும் வருஷத்துக்கு முன்னால் ஃபைலைப் பாருங்கள். எல்லா பில்லும் உள்ள 2012 கார், ஒரு பில்லும் இல்லாத 2021 காரைவிட மேல்.

புரோக்கர் ஆக்ஸிலேட்டரை முறுக்கி, "விசில் சத்தம் கேளுங்க சார்!" என்பார். தாராளமாகக் கேளுங்கள். அதற்கு முன்னால் பில்லைக் கேளுங்கள்!