கம்ப்ரசர் வாங்கும்போது ரசீதில் எழுத வேண்டிய மூன்று எண்கள்

மலேசியாவில் புக்கிட் ரோத்தானைச் சுற்றி, ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கமெல்லாம் செம்பனைத் தோட்டங்களுக்குள் ஓடும் பிக்-அப் வண்டிகளுக்கு டயர் காற்று அன்றாடக் கவலை. மழையில் மண் சாலை இளகிவிட்டால், காற்றைக் கொஞ்சம் இறக்கினால்தான் சக்கரம் பிடிக்கும். தார்ச் சாலை ஏறியதும் இறக்கிய காற்றைத் திரும்ப ஏற்றியாக வேண்டும். ஏற்றாமல் லத்தார் நெடுஞ்சாலையில் வேகமெடுத்தால், டயரின் பக்கச்சுவர் ஓயாமல் மடங்கிச் சூடேறும். கடைசியில் வெடிக்கவும் கூடும். ஆகவே, வண்டியிலேயே நிரந்தரமாகப் பொருத்தும் 12 வோல்ட் கம்ப்ரசரை வாங்க நினைப்பது நியாயமானதுதான். ஆனால், பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் உள்ள '150 பி.எஸ்.ஐ.' என்ற காற்றழுத்த எண்ணைப் பார்த்துத்தான் பலரும் தேர்வு செய்கிறார்கள். அந்த எண் வாங்குபவருக்கு அநேகமாக எதையும் சொல்வதில்லை. அவருக்கு வேண்டிய எண்கள் வேறு மூன்று. அவற்றை ரசீதில் எழுதி வாங்குபவருக்குத்தான் தகுந்த பொருளும் கிடைக்கும், ஏமாந்தால் சட்டமும் கைகொடுக்கும்.

பிக்-அப் டயருக்குப் பெரும்பாலும் 30 முதல் 40 பி.எஸ்.ஐ. வரை போதும். சரியான அளவு ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரிலேயே இருக்கிறது. எனவே 150க்கும் 200க்கும் உள்ள வேறுபாட்டுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில் பயனில்லை. முதலில் கேட்க வேண்டியது, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று தள்ளும் என்பது; அதுவும் வெறுங்குழாயில் அல்ல, 30 பி.எஸ்.ஐ. எதிர்ப்பு இருக்கும்போது. இரண்டாவது, நிற்காமல் எத்தனை நிமிடம் ஓடும், பிறகு எவ்வளவு நேரம் ஆறவிட வேண்டும் என்பது. மூன்றாவது, எத்தனை ஆம்பியர் மின்சாரம் இழுக்கும் என்பது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இவற்றின் அருமை புரியும். நடுத்தர பிக்-அப் டயர் ஒன்றின் உள்ளளவு சுமார் 70 லிட்டர். அதை 18லிருந்து 35 பி.எஸ்.ஐ.க்கு உயர்த்த ஏறக்குறைய 80 லிட்டர் வெளிக்காற்று தேவை; நான்கு டயருக்கு 320 லிட்டர். உண்மையில் நிமிடத்துக்கு 30 லிட்டர் தள்ளும் கம்ப்ரசர் இதற்குப் பத்து நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். அது 10 நிமிடம் ஓடி 20 நிமிடம் ஆற வேண்டிய ரகமாக இருந்தால், நான்காவது டயர் நிரம்பும் முன்பே நின்றுவிடும். 70 லிட்டர் தள்ளுவது ஐந்து நிமிடத்துக்குள் வேலையை முடித்துவிடும். பெட்டியில் எழுதியது மெய்யா என்பதை ஒரு டயரும் ஒரு கடிகாரமும் வைத்து யாரும் சோதித்துவிடலாம்.

ஆம்பியர் எண்ணில் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. சிகரெட் லைட்டர் துளையின் பியூஸ் வழக்கமாக 10 முதல் 15 ஆம்பியர் தாங்கும். அதாவது 180 வாட் அளவுக்குத்தான். 30 ஆம்பியர் கேட்கும் கம்ப்ரசரை அதில் செருகினால் பியூஸ் போகும். போன பியூஸுக்குப் பதில் பெரிய பியூஸ் போடுவதுதான் தீயை வரவழைக்கும் வேலை. எரிந்து காக்க வேண்டிய பியூஸ் தாங்கிக்கொள்ள, டேஷ்போர்டுக்குள் ஓடும் மெல்லிய ஒயர் உருகத் தொடங்கும். நிரந்தரக் கம்ப்ரசருக்குப் பேட்டரியிலிருந்து நேரடியாகத் தடித்த செம்பு ஒயர் வர வேண்டும். செம்பு பூசிய அலுமினிய ஒயர் மலிவு. ஆனால் அதே பருமனில் அதிகம் சூடாகும். பியூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டியே இருக்க வேண்டும். கம்ப்ரசர் பக்கத்தில் பியூஸ் வைத்தால், இடையில் ஒயர் தகட்டில் உரசித் தோல் கிழிந்து ஷார்ட் ஆகும்போது காக்க ஒன்றும் இருக்காது. காற்றுத் தொட்டியும் சேர்த்து வாங்குபவர், பாதுகாப்பு வால்வும் அடியில் நீர் வடிக்கும் திருகும் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். அழுத்திய காற்றிலிருந்து ஈரம் பிரிந்து அடியில் தேங்கும். வாரக்கணக்கில் வடிக்காவிட்டால் எஃகுத் தொட்டி உள்ளிருந்தே துருப்பிடித்து மெலிந்துபோகும்.

இவ்வளவையும் பார்த்து வாங்கியும் பொருள் சரியில்லாமல் போகலாம். அங்கேதான் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் துணைக்கு வருகிறது. விற்ற பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும், சொன்ன வருணனைக்கு ஒத்திருக்க வேண்டும், வாங்குபவர் தெரிவித்த உபயோகத்துக்குப் பொருந்த வேண்டும் என்பவை சட்டமே தரும் உத்தரவாதங்கள். கடையின் வாரண்டி அட்டை இல்லாவிட்டாலும் இவை உண்டு. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற அறிவிப்பு இவற்றை ரத்து செய்யாது. 2007ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இணைய விற்பனைக்கும் இச்சட்டம் பொருந்தும். குறையைச் சரிசெய்யக் கடைக்காரர் மறுத்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்: கட்டணம் 5 ரிங்கிட், கோரிக்கை வரம்பு 50,000 ரிங்கிட், காலக்கெடு மூன்றாண்டு. தீர்ப்பை 14 நாள்களுக்குள் நிறைவேற்றாமல் விடுவது குற்றம். ஒரு வரம்பு மட்டும் நினைவிருக்கட்டும். தன் வண்டிக்குக் காற்றடிக்க வாங்கியவருக்கும், பிறர் வண்டிகளைக் காசுக்குப் பழுதுபார்க்க வாங்கிய பட்டறைக்காரருக்கும் சட்டத்தின் பார்வையில் வித்தியாசம் உண்டு. பின்னவர் இச்சட்டத்தில் பயனீட்டாளர் அல்ல.

'தெரிந்த கடைக்காரரிடம் எழுதிக் கேட்டால் முகம் சுளிப்பாரே' என்று தயங்குபவர்கள் உண்டு. வாய்ச்சொல்லுக்கும் சட்டத்தில் மதிப்பு உண்டுதான். ஆனால் 'சொன்னார்' என்று ஒருவரும், 'சொல்லவில்லை' என்று மற்றவரும் நிற்கும்போது, தீர்ப்பாயம் முதலில் தேடுவது காகிதத்தை. நேர்மையான கடைக்காரருக்கும் அந்தக் காகிதம் பாதுகாப்பே; மலிவான ரகத்தை வாங்கிவிட்டு விலை கூடிய ரகத்தின் வேலையைக் கேட்டு வருபவரிடமிருந்து அது அவரைக் காக்கும். 'கோர்ட் வழக்கு என்று யார் அலைவது' என்பது இன்னொரு தயக்கம். தீர்ப்பாயத்தில் பொதுவாக வழக்கறிஞருக்கே இடமில்லை. வாங்கியவர் தன் வார்த்தையில் எடுத்துச் சொன்னால் போதும். 'பெட்ரோல் நிலையத்தில் இலவசமாகக் காற்று இருக்கும்போது இதெல்லாம் எதற்கு' என்பாரும் உண்டு. தார்ச் சாலையை விட்டு இறங்காதவருக்கு அந்த வாதம் முற்றிலும் சரி. அவர் நிரந்தரக் கம்ப்ரசர் வாங்கவே வேண்டாம். கையடக்கமான சிறியது ஒன்று போதும். காற்றை இறக்கி ஏற்றும் வேலை அடிக்கடி உள்ளவருக்கு மட்டுமே இந்தச் செலவு தகும்.

தோட்டத்து வண்டியை ஓட்டும் தொழிலாளிக்கு இது பொருளின் தரம் பற்றிய கேள்வியோடு நிற்பதில்லை. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி, இயன்ற அளவு பாதுகாப்பான கருவியைத் தருவது முதலாளியின் கடமை. 2024 ஜூன் 1 முதல் நடப்பிலுள்ள திருத்தம், உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பி, அதை நீக்க முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால், அங்கிருந்து விலகிக்கொள்ளும் உரிமையையும் தொழிலாளிக்குத் தருகிறது. கருகிய ஒயரையும் துருவேறிய தொட்டியையும் கண்டு சொல்வது அவருடைய உரிமை. யாரும் அதை அடாவடி என்று சொல்ல முடியாது.

ஆகவே, பணம் கொடுக்கும் முன் மாடல் பெயர், நிமிடத்துக்கு இத்தனை லிட்டர், தொடர்ந்து ஓடும் நேரம், ஆம்பியர், ஒயர் பொருத்தியவர் யார் என்ற விவரங்களை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். எதற்காக வாங்குகிறீர்கள் என்பதையும் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்த அன்றே ஒரு டயரில் நேரம் பார்த்துச் சோதியுங்கள். ஒயரைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் அன்றைக்கே திரும்பிப் போங்கள். காப்புறுதி புதுப்பிக்கும்போது வண்டியில் செய்த மாற்றங்களைக் கேட்டால் மறைக்காதீர்கள். எழுதித் தர மறுக்கும் கடை, தான் விற்கும் பொருளைத் தானே நம்பவில்லை. அடுத்த கடைக்குப் போங்கள்.