128 எம்பி அன்று, 4 ஜிபி இன்று

2005 வாக்கில், 128 எம்பி ரேம் உள்ள பெண்டியம் 3 கணினியில் லினக்ஸின் கேடிஈ 3 டெஸ்க்டாப்பை ஏற்றிவிட்டு மெனுவைத் தட்டினால், அது திறப்பதற்குள் பொறுமை போய்விடும். ரேம் போதாமல் ஹார்டு டிஸ்க் ஓயாமல் கரகரக்கும். அதற்குப் பயந்துதான் ஃப்ளக்ஸ்பாக்ஸ், ஐஸ்டபிள்யூஎம், ஓப்பன்பாக்ஸ் பக்கம் போனார்கள். இவை முழு டெஸ்க்டாப் அல்ல. ஜன்னல்களை நகர்த்தவும் மூடவும் வழிசெய்யும் விண்டோ மேனேஜர்கள் மட்டுமே. சில எம்பி ரேம் கொடுத்தால் போதும். டேம் ஸ்மால் லினக்ஸோ ஓர் இயங்குதளத்தையே 50 எம்பிக்குள் அடக்கியது. 16 எம்பி ரேம் கொண்ட 486 கணினியில்கூட ஓடியது. ஆஸ்திரேலியரான பேரி காலர் 2003-ல் வெளியிட்ட பப்பி லினக்ஸ் மொத்தமாக ரேமில் ஏறிக்கொள்ளும். ஹார்டு டிஸ்க் பழுதான கணினியையும் அதை வைத்து ஓட்டினார்கள்.

அன்று அலங்காரம் என்றால் எடிட்டரில் கோப்பைத் திறப்பதுதான். ஃப்ளக்ஸ்பாக்ஸின் மெனுவே ஓர் உரைக்கோப்பு. புது மென்பொருள் போட்டால் அதற்கொரு வரியைப் பெரும்பாலும் நாமே சேர்க்க வேண்டும். வால்பேப்பர் வைக்க ஃபே என்ற தனி நிரல், மூலையில் மெமரி அளவு காட்ட காங்கி. தமிழில் தட்டச்ச எஸ்சிஐஎம்மையும் பிறகு ஐபஸ்ஸையும் நிறுவினால் மட்டும் போதாது, தொடக்கக் கோப்பில் அதற்கான வரிகளையும் எழுத வேண்டும். திரை அமைப்புக் கோப்பில் மானிட்டரின் அதிர்வெண்ணைத் தப்பாகப் போட்டால் கறுப்புத் திரைதான். கட்டளை வரியில் இறங்கி, கோப்பைத் திருத்தி, மறுபடி தொடங்க வேண்டும். இதில் ஒரு போதை இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இன்று எக்ஸ்எஃப்சிஈ, எல்எக்ஸ்கியூட்டி போன்ற இலகுவான டெஸ்க்டாப்களில் பேனல்மேல் வலது கிளிக் செய்தால் பாதி வேலை முடிந்தது. எக்ஸ்எஃப்சிஈ என்றால் வசதியில்லாதவர்களின் டெஸ்க்டாப் என்ற பேச்சும் எப்போதோ போய்விட்டது. 2011-ல் க்னோம் 3 டெஸ்க்டாப் பிடிக்காமல், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே சில காலம் எக்ஸ்எஃப்சிஈக்கு மாறியிருந்தார். தீம் மாற்றி அதை விண்டோஸ் 7 போலவோ மேக் போலவோ காட்டுகிறவர்கள் ஏராளம். பழைய கிராபிக்ஸ் சிப்பில் கண்ணாடி மங்கலும் நிழலும் போட்டுவிட்டு, மெதுவாக ஓடுகிறதே என்று புலம்புகிறவர்களை மட்டும் என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

பாரம் இப்போது டெஸ்க்டாப்பில் இல்லை. 4 ஜிபி ரேம் உள்ள கோர் 2 டியோவில் எக்ஸ்எஃப்சிஈ எடுத்துக்கொள்வது சில நூறு எம்பிதான். ஐஸ்டபிள்யூஎம்முக்கு மாறி அதிலும் மிச்சம் பிடித்தவர் பிரவுசரில் யூடியூபைத் திறந்தால், பிடித்ததெல்லாம் ஒரே டேபில் போய்விடும். எனவே இன்றைக்கு உண்மையான சீரமைப்பு திரைக்குப் பின்னால்தான் நடக்கிறது: ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி, ரேமுக்குள்ளேயே தகவலைச் சுருக்கி வைக்கும் இசட்ரேம், பிரவுசரில் விளம்பரத் தடுப்பான். இந்த மூன்றும் தரும் வேகத்தை எந்தத் தீமும் தராது.

'பழைய கணினி' என்று எதைச் சொல்வது என்பதும் மாறிவிட்டது. 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது. அதனால் அது இல்லாத, 8 ஜிபி ரேமோடு நன்றாக ஓடும் ஐ5 மடிக்கணினியும் பழசாகிவிட்டது. அதற்கு லினக்ஸ் மின்ட்டே தாராளம். இலகுவான டெஸ்க்டாப் தேடி அலைய வேண்டியதில்லை.

உண்மையிலேயே பழசான 32-பிட் கணினிகளின் பாடுதான் திண்டாட்டம். உபுண்டு 2017-ல் 17.10 பதிப்போடு அவற்றுக்கான டெஸ்க்டாப் வட்டை நிறுத்தியது. 2025-ல் வந்த டெபியன் 13-ல் 32-பிட்டுக்கு இன்ஸ்டாலர் இல்லை. லினக்ஸில் 32-பிட்டை ஆதரிக்கும் கடைசி வழக்கமான ஃபயர்பாக்ஸ் 144 என்று மொசில்லாவும் அறிவித்துவிட்டது. இனி அவற்றில் கட்டுரை தட்டச்சலாம், சேர்த்து வைத்த பாட்டைக் கேட்கலாம். அதற்கு ஐஸ்டபிள்யூஎம் போதும்; வங்கிக் கணக்கை மட்டும் அவற்றில் திறக்காதீர்கள்.