பால் வரும் பாத்திரம்

தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் பழனியை நோக்கி நடந்து செல்லும் யாத்திரிகர் கூட்டத்தில் பால் காவடி எடுப்போரை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். காவடியின் இருபுறமும் சிறு செம்புகள் தொங்கும். வழியில் தளும்பிச் சிந்தாதவாறு அவற்றின் வாய் இறுகக் கட்டப்பட்டிருக்கும். பால் அபிஷேகத்துக்குச் சேர்ந்த பின் செம்பு வீடு திரும்பும். துலக்கிப் பரணில் வைக்கப்படும். மறு ஆண்டும் அதே செம்பு காவடியில் ஏறும்.

பழனிக்குத் தெற்கே, அதே மலைத்தொடரின் மேலே உள்ள கோடைக்கானலிலும் நாள்தோறும் பால் வந்து இறங்குகிறது. அது பிளாஸ்டிக் உறையில் வருகிறது. பால் அடுப்பில் ஏறிய சில நிமிஷங்களில் உறை குப்பைக்குப் போய்விடுகிறது. செம்பு திரும்புகிறது, உறை திரும்புவதில்லை. இந்த வேறுபாடு எவ்வாறு உண்டாயிற்று, அதனால் நமக்கு விளைந்த நன்மை எது, தீமை எது என்பதைப் பால் கறக்கும் அங்கத்தினரும் பால் வாங்கும் அங்கத்தினரும் சேர்ந்து சிந்திக்க வேண்டிய காலம் இது.

வாசலில் நின்ற பசு

பாலை அடைத்து விற்கும் வழக்கம் நம் நாட்டில் மிகப் பழையதன்று. நகரங்களில் பால்காரர் பசுவையே வீட்டு வாசலுக்கு ஓட்டி வந்து, வீட்டார் கண்முன் கறந்து கொடுத்தார். கன்று இறந்து போயிருந்தால் வைக்கோல் திணித்த தோற்கன்று ஒன்றும் உடன் வரும். பாத்திரம் வாங்குபவருடையது. இவ்வளவு சிரமமும் எதற்காக? பாலில் தண்ணீர் கலந்திருக்குமோ என்னும் சந்தேகத்துக்காகத்தான். செம்பின் அடியில் முன்பே கிடக்கும் தண்ணீர், உழக்கினுள் நுழையும் கட்டைவிரல், நுரையால் நிரம்பிவிடும் அளவு ஆகியவற்றை அந்நாளைய இல்லத்தரசிகள் நன்கு அறிவார்கள்.

மலைமேல் நிலைமை இன்னும் கடினம். 1845-இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த பாதிரிமார் கோடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியபோது மேலே செல்ல வண்டிப் பாதை இல்லை. 1875-இல் கோடைக்கானல் ரோடு இரயில் நிலையம் ஏற்பட்ட பின்னரும், அடிவாரம் வரை மாட்டு வண்டியும் அதற்கு மேல் மட்டக் குதிரையும் ஆள் சுமையுமே கதி. 1910-களில்தான் மலைப்பாதை போக்குவரத்துக்குத் தயாராயிற்று. ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்துக்குக் கீழிருந்து பாலைக் கெடாமல் கொண்டு சேர்ப்பது அக்காலத்தில் நினைத்துப் பார்க்கக் கூடியதன்று. மலையில் மேய்ந்த மாட்டின் பாலே மலையில் இருந்தவர்க்கு.

கண்ணாடிப் புட்டியின் காலம்

அமெரிக்காவில் 1884-ஆம் ஆண்டளவில் தாட்சர் என்னும் மருத்துவர் பாலுக்கென்றே ஒரு கண்ணாடிப் புட்டியை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். பாலைச் சூடேற்றிக் கிருமிகளை ஒழிக்கும் பாஸ்டர் முறையும் பரவிய பின், இவ்வாறு சுத்தி செய்த பாலைத் திறந்த பாத்திரத்தில் விற்பது பொருளற்றது என்பதை மக்கள் உணர்ந்தனர். 72 டிகிரி சூட்டில் 15 விநாடி வைத்துக் குளிரச் செய்த பாலை, அழுக்குக் கை பட்ட உழக்கால் அளந்து ஊற்றினால் பயன் என்ன?

நம் நாட்டில் பம்பாயின் ஆரே பாலும், 1959-இல் தொடங்கிய டில்லிப் பால் திட்டத்தின் பாலும் புட்டிகளில் வந்தன. சென்னை நகரத்திலும் பால் புட்டி வழங்கிற்று. வாய்க்கு மெல்லிய அலுமினியத் தகட்டு மூடி. காலிப் புட்டியைக் கழுவிக் கொடுத்தால்தான் நிறைந்த புட்டி கிடைக்கும். ஒரே புட்டி பலநூறு வீடுகளுக்குப் போய்வரும்.

ஆயினும் புட்டிக்குத் தொல்லைகள் உண்டு. பாலோடு கண்ணாடியின் பாரத்தையும் சுமக்க வேண்டும்; காலியாக இருக்கும்போதும் சுமக்க வேண்டும். சோடாக் காரமும் வெந்நீரும் இட்டுக் கழுவ வேண்டும். உடைந்தால் நஷ்டம். சமவெளியிலேயே இப்படியென்றால், கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த மலைப்பாதையில் கேட்க வேண்டியதில்லை. டில்லியில் 1974-இல் வேறொரு வழி கண்டார்கள். மதர் டெய்ரிக் கடைகளில் வில்லையைப் போட்டால் இயந்திரம் பாலை அளந்து ஊற்றும்; பாத்திரத்தை வாங்குபவரே கொண்டுவர வேண்டும். பசு வாசலில் நின்ற காலத்துச் செம்புக்குக் கிடைத்த மறுபிறவி அது.

உறை வந்த விதம்

1967-இல் கனடாவில் மெல்லிய பாலிதீன் உறையில் பால் அடைக்கும் முறை வந்தது. நம் நாட்டில் 1970-இல் தொடங்கிய வெண்மைப் புரட்சியைத் தொடர்ந்து வந்த ஆண்டுகளில் அது ஊர்தோறும் பரவியது. தமிழ்நாட்டுக் கூட்டுறவு பால் உற்பத்தியாளர் இணையம் 1981-இல் அமைந்தது. ஆவின் என்னும் பெயர் பால் பாக்கெட்டுக்கே மறுபெயர் போல ஆயிற்று.

இந்த உறையை நாம் எளிதாகப் பழித்துவிடலாகாது. தண்ணீர் கலக்கும் கைக்கு அது இடம் கொடுக்கவில்லை. எத்தனை மில்லி, எவ்வளவு கொழுப்பு, எந்த நாளில் அடைத்தது என்பது அச்சில் நிற்கிறது. எழுத்தறியாதவரும் நிறத்தைக் கண்டு பாலை அறியலாம். நீல உறை, 3 சதம் கொழுப்புள்ள சமன் செய்த பால். ஆரஞ்சு உறை, 6 சதம் கொழுப்புள்ள நிறை கொழுப்புப் பால். கூலிக்கு உழைப்பவரும் கால் லிட்டர், அரை லிட்டர் என்று வாங்க முடிந்தது. இரண்டு மாடு வைத்திருக்கும் குடியானவர் கறந்த பால் ஐம்பது கல் தொலைவில் விற்பனையாவதற்கும், அவருக்குத் தவறாமல் பணம் வருவதற்கும் இந்த உறையும் ஒரு காரணம்.

காகிதப் பெட்டியும் உண்டு. 1951-இல் சுவீடனில் தோன்றிய டெட்ரா பாக் நிறுவனத்தின் முறையில், 135 டிகிரிக்கு மேல் சில விநாடி சூடேற்றிய பால் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். குளிர்ப்பெட்டி இல்லாத மலைக் கிராமத்துக்கு இது உதவியே. ஆயினும் காகிதம், பாலிதீன், அலுமினியம் மூன்றும் ஒட்டிய அப்பெட்டியைப் பிரித்து மீண்டும் பயன்படுத்துவது பாலிதீன் உறையைவிடக் கடினம்.

மலை என்ன செய்யும்?

சமவெளியில் வீசப்பட்ட உறையைப் பொறுக்கி விற்க ஒருவர் வருவார். மலைச்சரிவில் வீசப்பட்ட உறை ஓடையில் இறங்கும், சோலைக்குள் புகும். கோடைக்கானல் வீதிகளில் காட்டுமாடுகள் குப்பைத் தொட்டியைக் கிளறுவதைக் காணாதவர் இல்லை. பால் மணம் மாறாத உறை, காட்டுமாட்டுக்கும் நம் தொழுவத்து மாட்டுக்கும் தீனி போலவே தோன்றும். அது வயிற்றில் தங்கினால் செரிக்காது, வெளியேறவும் செய்யாது. மாடு தந்த பாலின் உறை மாட்டையே கொல்வதைவிட வருந்தத்தக்கது வேறு உண்டோ?

1-1-2019 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பல பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தபோது பால், எண்ணெய், மருந்து ஆகியவற்றின் உறைகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. அது நியாயமே, குழந்தையின் பாலைத் தடுத்து நிறுத்த இயலாது. ஆனால் விலக்கு என்பது பொறுப்பிலிருந்து விடுதலை அன்று. பிளாஸ்டிக் உறையில் பொருளை விற்பவரே அவ்வுறையைத் திரும்பச் சேர்க்கவும் கடமைப்பட்டவர் என்று 2022-இல் மத்திய அரசு விரிவான நெறிமுறைகளை வகுத்தது. கூட்டுறவுப் பாலை விற்பவர் யார்? நாமேயல்லவா?

கடைசிக் காதத்துக்கு ஒரு வழி

ஒன்றைக் கூர்ந்து நோக்குங்கள். கறவை வீட்டிலிருந்து பால் தூக்கில் சங்கத்துக்கு வருகிறது, தூக்கு திரும்புகிறது. சங்கத்திலிருந்து 40 லிட்டர் கேனில் போகிறது; கேன் திரும்புகிறது. குளிரூட்டிய பாலை ஏற்றிச் செல்லும் டாங்கர் வண்டி திரும்புகிறது. பாக்கெட்டுகளை அடுக்கிக் கடைக்கு வரும் பெட்டியும் திரும்புகிறது. கடையிலிருந்து அடுப்பங்கரைக்குப் போகும் கடைசிக் காதத்தில் மட்டுமே பாத்திரம் திரும்புவதில்லை. தார் தீர்ந்ததும் தார்க்குச்சியைத் தெருவில் எறிந்துவிடும் நெசவாளரை நாம் கண்டதில்லை. பூண்டை விற்றதும் சாக்கை ஓடையில் விடும் விவசாயியையும் கண்டதில்லை. பால் உறைக்கு மட்டும் ஏன் இந்தக் கதி?

முதலாவதாக, வீட்டில் செய்யத்தக்கது. உறையின் மூலையை வெட்டும்போது துண்டு தனியே விழாதவாறு ஒட்டியிருக்க வெட்ட வேண்டும். அச்சிறு துண்டு யார் கையிலும் மீண்டும் சிக்காது. உறையைக் கழுவி உலர்த்திச் சேர்த்து வைத்தால் பழைய பேப்பர்க் கடையில் அதற்கு விலை உண்டு.

இரண்டாவதாக, ஓட்டல்களும் விடுதிகளும் தேநீர்க் கடைகளும். பண்டிகை நாளிலும் கோடை விடுமுறையிலும் ஒரு விடுதியே எத்தனையோ பாக்கெட்டுகளைக் கிழிக்கிறது. இத்தகைய இடங்களுக்குக் கேனிலேயே பால் வழங்கினால் உறையின் தேவையே எழாது.

மூன்றாவதாக, சங்கம் செய்யத்தக்கது. பால் கொண்டுவந்த வண்டி காலிப் பெட்டிகளோடு மலையிறங்குகிறது. அதே வண்டியில் கழுவிய உறைகளை மூட்டையாகக் கட்டி அனுப்பலாம். உறைக்குச் சிறு முன்பணம் வைத்துத் திருப்பித் தந்தால் மக்களும் கொண்டுவருவார்கள். 2018-இல் மகாராஷ்டிர அரசு ஓர் உறைக்கு 50 காசு என்று விதித்தது. அது எளிதில் நிலைபெறவில்லை. உறையை வாங்கிக்கொள்ளும் இடமும் ஆளும் ஏற்படாமல் ஆணை மட்டும் பயன் தராது என்பதே அதன் பாடம். நம் பக்கத்திலும் முன்மாதிரி இல்லாமலில்லை. 2022-இல் நீலகிரியில் மதுப் புட்டிக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைக் கொடுத்ததும் திருப்பித் தரும் முறை தொடங்கிற்று. மதுவின் புட்டி மலையிறங்கி வருமானால் பாலின் உறை வரக்கூடாதா?

இதற்கு ஆகும் செலவைக் கறவைக்காரரின் விலையில் கழித்துவிடக்கூடாது என்பதையும் சொல்லி வைக்கிறோம். ஆகையால் அடுத்த பொதுக்குழுவில் அங்கத்தினர்கள் இப்பொருளை எழுப்பி, ஒரே ஒரு விற்பனைக் கடையிலேனும் மூன்று மாதம் சோதனை நடத்தக் கோர வேண்டும். எத்தனை பாக்கெட்டு போயிற்று, எத்தனை உறை திரும்பிற்று என்று ஒரு கணக்குப் புத்தகம் வைத்தால் போதும். மற்றதை அக்கணக்கே நமக்குச் சொல்லும்.