ரேசில் நிஜமான வேகப்புலி யார்? முதலில் வந்தவரா... ஓட்டத் தெரிந்தவரா?

சென்னை: கார் ரேசில் முதலாவதாக வந்தவர்தான் படுவேகமான டிரைவர் என்று நினைத்தால் அது பாதிதான் உண்மை. மீதி பாதி அவர் உட்கார்ந்திருந்த காரில் இருக்கிறது.

2024-ம் ஆண்டு ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி 3.5 கி.மீ. பாதையில் பார்முலா-4 கார்கள் சீறிப் பாய்ந்தன. ரேஸ் பார்க்கிற எல்லோருக்கும் வருகிற சந்தேகம் ஒன்றுதான். "இவனுங்கள்ல யாருப்பா நிஜமாவே ஸ்பீடு?"

இதைக் கண்டுபிடிக்க சில கணக்குகள் இருக்கின்றன.

ஆளா? வண்டியா?

பார்முலா-1 போட்டியில் ஒவ்வொரு டீமும் தன் காரைத் தானே தயாரிக்கிறது. பணக்கார டீமின் கார் பறக்கும். ஏழை டீமின் கார் திணறும். எவ்வளவு பெரிய கில்லாடியாக இருந்தாலும் ஓட்டை வண்டியில் உட்கார்ந்தால் கடைசி வரிசைதான்.

இதற்கு நல்ல உதாரணம் இங்கிலாந்து வீரர் ஜார்ஜ் ரஸ்ஸல். 2019, 2020-ம் ஆண்டுகளில் வில்லியம்ஸ் டீமுக்கு ஓட்டிய அவர் ஒரு பாயிண்ட் கூட எடுக்கவில்லை. "ஆளு அவ்ளோதான்" என்று சொல்லிவிடலாம் போல இருந்தது.

2020 டிசம்பரில் சாம்பியன் ஹாமில்டனுக்கு கொரோனா வந்தது. பஹ்ரைனில் நடந்த ரேசில் அவருடைய மெர்சிடிஸ் காரை ஓட்டும் வாய்ப்பு ரஸ்ஸலுக்குக் கிடைத்தது.

தகுதிச்சுற்றில் ரஸ்ஸலுக்கு 2-வது இடம். அந்தக் காருக்குப் பழகிப்போன போட்டாசை விட வெறும் 0.026 வினாடிதான் பின்தங்கினார். கண் சிமிட்டும் நேரத்தை விடக் குறைவு! ரேசிலும் முன்னணியில் ஓடினார். டயர் மாற்றும்போது நடந்த குளறுபடியும், பிறகு டயரில் காற்று இறங்கியதும் சேர்ந்து அவரை 9-வது இடத்துக்குத் தள்ளிவிட்டன.

ஆள் அதே ஆள்தான். மாறியது வண்டி மட்டும்தான்.

டீம் கூட்டாளியே அளவுகோல்

அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் ஒரு டிரைவரை எடைபோட வேறு டீம்காரருடன் ஒப்பிடுவதில்லை. ஒரே டீமில் அதே மாதிரி கார் ஓட்டும் கூட்டாளியுடன்தான் ஒப்பிடுகிறார்கள். இருவருக்கும் ஒரே என்ஜின், ஒரே மெக்கானிக் பட்டறை. அப்புறம் யார் முன்னால் வருகிறாரோ அவர் கையில்தான் சரக்கு இருக்கிறது.

1988-ம் ஆண்டு மெக்லாரன் டீமில் அயர்டன் சென்னாவும் அலைன் பிராஸ்டும் ஓட்டினார்கள். மொத்தம் 16 ரேஸ். அதில் 15 ரேசில் இவர்கள்தான் வெற்றி. சென்னா 8, பிராஸ்ட் 7.

மொத்த பாயிண்ட்டைக் கூட்டினால் பிராஸ்ட் 105, சென்னா 94. ஆனாலும் பட்டம் சென்னாவுக்குத்தான். சிறந்த 11 ரேஸ் பாயிண்ட் மட்டுமே கணக்கு என்பது அப்போதைய விதி. அப்படிப் பார்த்தால் சென்னா 90, பிராஸ்ட் 87.

ஒரே சுற்றில் யார் வேகம் என்ற கேள்விக்கோ சண்டையே இல்லை. தகுதிச்சுற்றில் சென்னா 13 தடவை முதலிடம். பிராஸ்ட் 2 தடவைதான். ஆக, வேகம் வேறு, பாயிண்ட் சேர்ப்பது வேறு.

நம்ம நரேன் கணக்கு

இந்தியாவின் முதல் பார்முலா-1 வீரர் கோவை நரேன் கார்த்திகேயன். 2005-ல் ஜோர்டன் டீமில் அவருடைய கூட்டாளி போர்ச்சுகல் வீரர் டியாகோ மான்டெய்ரோ.

அந்த சீசனில் மான்டெய்ரோ 7 பாயிண்ட், நரேன் 5 பாயிண்ட். இதை மட்டும் பார்த்து முடிவு சொன்னால் தப்பாகிவிடும்.

அமெரிக்காவில் நடந்த ரேசில் டயர் பிரச்சினையால் 14 கார்கள் விலகிவிட, 6 கார்கள் மட்டுமே ஓடின. மான்டெய்ரோ 3-வது, நரேன் 4-வது. மான்டெய்ரோவின் 7-ல் 6-ம், நரேனின் 5-ம் அந்த ஒரே நாளில் வந்தவை!

ஆஸ்திரேலியாவில் நடந்த முதல் ரேசில் தகுதிச்சுற்றில் நரேன் 12-வது, மான்டெய்ரோ 14-வது. ரேசிலும் நரேன்தான் அவருக்கு முன்னால் வந்தார்.

அதே நேரம் மான்டெய்ரோவைக் குறைத்துச் சொல்லவும் முடியாது. 19 ரேசில் 18-ஐ முழுசாக ஓட்டி முடித்தார். வண்டியை உடைக்காமல் கொண்டுவந்து சேர்ப்பதும் ஒரு தனித் திறமை.

மழை வந்தால் கணக்கு மாறும்

அதே 2005-ல் ஜப்பான் ரேசின் தகுதிச்சுற்றில் நரேனுக்கு 11-வது இடம். சாம்பியன் பெர்னாண்டோ அலோன்சோ 16-வது, ஷூமாக்கர் 14-வது! நம்ம ஆள் இரண்டு பேரையும் ஓரங்கட்டிவிட்டாரா?

அப்போது ஒவ்வொருவராகத்தான் ஓட்ட வேண்டும். நரேன் ஓட்டிய பிறகு வந்தவர்கள் பெரிய மழையில் மாட்டிக்கொண்டார்கள். எனவே, ஒரு நாள் ரிசல்ட்டை வைத்து யாரையும் தூக்கவும் கூடாது, இறக்கவும் கூடாது.

பெட்ரோலும் ஒரு காரணம். காரில் 10 கிலோ கூடினால் ஒரு சுற்றுக்கு சுமார் 0.3 வினாடி நஷ்டம் என்பது ரேஸ் உலகின் பொதுவான கணக்கு. பழைய டயர் மாட்டியிருந்தால் இன்னும் மோசம்.

ஏன் இது முக்கியம்?

இருங்காட்டுக்கோட்டையிலும், கோவை செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் ஓட்டும் பசங்களுக்கு இது வாழ்க்கைப் பிரச்சினை. மேலே போக லட்சக்கணக்கில் பணம் வேண்டும். பணம் போடுகிறவர் முதலில் பார்ப்பது ரிசல்ட்டைத்தான். வண்டி சரியில்லாமல் 10-வது வந்த பையன் நிஜத்தில் புலியாக இருந்தாலும் வீட்டுக்கு அனுப்பப்படலாம்.

எல்லோருக்கும் ஒரே மாதிரி கார் கொடுக்கும் போட்டிகளின் அருமை இங்கேதான் தெரியும். கோவை கரிவரதன் மாருதி என்ஜினை வைத்துக் குறைந்த செலவில் ரேஸ் கார்களை உருவாக்கினார். அவர் பெயரில்தான் கரி ஸ்பீட்வே இருக்கிறது. நரேனும் ஆரம்பத்தில் பார்முலா மாருதி கார் ஓட்டியவர்தான். சென்னையில் ஓடிய பார்முலா-4 கார்களும் எல்லோருக்கும் ஒரே மாதிரியானவையே.

அதில் கூட பணம் உள்ளவர் அதிக நாள் பயிற்சி எடுக்கலாம். ஆனால் "என் வண்டி டொக்கு" என்ற சாக்கு அவ்வளவாகச் செல்லாது.

அடுத்த முறை ரேஸ் பார்க்கும்போது கப் வாங்கியவரை மட்டும் பார்க்காதீர்கள். ஒரே டீமில் இருக்கும் இரண்டு பேரில் யார் முன்னால் என்று பாருங்கள். ஒரு ரேஸ் போதாது, சீசன் முழுக்க பாருங்கள். கடைசி வரிசையிலும் ஒரு வேகப்புலி பதுங்கி இருக்கலாம்.